சின்ன மாமன் கொண்டுவந்த அலுமினியப் பொட்டி

ஏனுங்க சார், காலைக் கொஞ்சம் அந்தப் பக்கம் எடுத்துக்கறீங்களா? இல்லைங்க, நீங்க சௌகரியமாவே உக்காருங்க. இந்த அட்டைப்பொட்டி மேல மட்டும் படாம பாத்துக்கங்க. உள்ள இருக்கறது கீறல் விழுந்தா மறையாத சாமான். ஒரு கோடு விழுந்தாலும் நான் வேணும்னே போட்டேன்னு பேசுவாங்க. கண்டக்டர் டிக்கியில போடச் சொன்னாரு. டிக்கியில போட்டா மேல எவனாவது வெங்காய மூட்டையத் தூக்கி வெப்பான். மடியில வெச்சுக்கலாம்னா, பாருங்க, என் மடியவிடப் பெருசு. அதனாலதான் கடைசி சீட்டாப் பாத்து வந்து உக்காந்தேன்.

டிவி இல்லைங்க. ஈரோடு பஸ் ஸ்டாண்டுல பூக்காரம்மா வாஷிங் மிஷினான்னு கேட்டாங்க. இது கம்ப்யூட்டர் கேபினெட்டு. மேசைக்குக் கீழ நிக்குமில்லைங்க, ஜனங்க சிபியு சிபியும்பாங்களே, அந்தப் பொட்டி. உள்ள ஒண்ணும் கிடையாது, வெறும் கூடு. போர்டு, ஃபேன், டிஸ்க்கு எல்லாத்தையும் இந்தக் கூட்டுக்குள்ளதான் மாட்டோணும். சாதாரணமா இரும்புத் தகட்டுல கருப்பு பெயிண்ட் அடிச்சு வரும். இது முழுக்க அலுமினியம். அடியில இருந்து முடி வரைக்கும் அலுமினியம். நம்ம பக்கத்துல இந்த மாதிரி ஒண்ணு வேற யாராவது வெச்சிருப்பாங்களான்னு எனக்குச் சந்தேகம்தான்.

நான் பெருமைக்குச் சொல்லலைங்க. இது என் பொட்டியே இல்லை. எந்தம்பி பொட்டி. அவனுதுகூட இல்லை, எங்க அக்கா மகளுக்கு அவன் கொண்டுவந்து குடுத்த பொட்டி. அதைத்தான் நான் இப்ப பஸ்ஸுல தூக்கிட்டுத் திருப்பூர் போறேன். என் நேரத்தப் பாருங்க.

நான் மோகனசுந்தரம். ஈரோட்டுல மேட்டூர் ரோட்டுல கம்ப்யூட்டர் சேல்ஸும் சர்வீஸும் வெச்சிருக்கேன். எங்க சொந்தத்துல யார் ஊட்டுல கம்ப்யூட்டர் இருந்தாலும் அதுல என் கடை ஸ்டிக்கர் இருக்கும். மவுஸ் நகரலைன்னாலும் எனக்குத்தான் போன், பாஸ்வேர்டு மறந்தாலும் எனக்குத்தான் போன். கல்யாண ஊட்டுக்குப் போனா சாப்பிட விடமாட்டாங்க. பந்தியில பக்கத்து இலையில உக்காந்து பிரிண்டர் பேப்பர் சிக்கிக்குதுங்க மாமான்னு கேப்பாங்க. சலிச்சுக்குவேன். சலிச்சுக்கறது வெளிய. உள்ளுக்குள்ள எனக்கு அது வேணுமுங்க.

அதுலயும் தாரணி. எங்க பூங்கொடி அக்கா மகள். அவளுக்குக் காது குத்துனப்ப உக்கார வெச்சது என் மடியில. ரெண்டு மாமனுங்க நாங்க, நானும் எந்தம்பி ஜெகதீசும். அவன் அன்னிக்குக் காலேஜுல பரீட்சைன்னு வரலை. நான் உக்காந்தேன். ஆசாரி கம்பியக் காதுல ஏத்துனதும் புள்ளை என் சட்டையப் புடிச்சுக்கிட்டு அழுதா பாருங்க, அன்னையில இருந்து அவ என் பொண்ணுன்னே நான் நெனச்சுக்கிட்டேன். எனக்கு ரெண்டும் பசங்க.

தாரணி இப்ப பனியன் டிசைன் பண்றா. பேப்பருல வரையறது இல்லைங்க. கம்ப்யூட்டருக்குள்ளயே துணிய வெட்டி, தெச்சு, ஒரு பொம்மைக்கு மாட்டி, அது நடந்தா துணி எப்பிடி மடியுதுன்னு காட்டுவா. வெளிநாட்டுல இருக்கற பார்ட்டி சாம்பிள் தெய்க்கறதுக்கு முன்னாடியே பாத்து ஓகே பண்ணிருவான். கம்பெனியில இருந்தவ, வேலைய விட்டுட்டு அவங்க ஊட்டு மாடியிலயே சொந்தமா ஆபீஸ் போட்டா. கீழ மச்சானோட பனியன் யூனிட்டு, மேல இவ ஆபீசு. அக்காவும் மச்சானும் பயந்தாங்க. நான்தான் தைரியம் சொன்னேன். கம்ப்யூட்டர் என் பொறுப்பு, வயரிங் என் பொறுப்புன்னேன்.

சொன்னபடி செஞ்சேன். ஆள் வெச்சு மாடி வயரிங் பூரா நான்தான் பாத்தேன். வாசலக்கூட நான்தான் அழகு பண்ணிக் குடுத்தேன். அங்க எர்த் குழின்னு ஒண்ணு, சிமெண்டுத் தொட்டியாட்டம் இருந்துச்சு. நடுவுல ஒரு துருப்புடிச்ச பைப்பு துருத்திக்கிட்டு நிக்கும். பார்ட்டிக வந்து காரு நிறுத்தோணும்னா இடைஞ்சல். அக்கா வேற வெயில் காலத்துல தெனம் அதுல ஒரு குடம் தண்ணி ஊத்தோணும்னு புலம்பும். பைப்ப அறுத்துத் தள்ளிட்டு மேல டைல்ஸ் போடச் சொன்னேன். மச்சான் சித்தெ யோசிச்சாரு, நான் இருக்கேனுங்க மச்சான்னேன். வாசல் இப்பப் பாத்தீங்கன்னா கல்யாண மண்டபமாட்டம் இருக்கும். அதுக்கப்பறம் அக்கா வாஷிங் மிஷினத் தொட்டா சுர்ருங்குதுன்னு சொல்லிட்டிருந்துச்சு. ரப்பர் செருப்பு போட்டுட்டுத் துவை அக்கான்னேன். சரியாப் போச்சு.

பெருந்துறை வந்துருச்சுங்களா? எறங்கிட்டு டீ சாப்பிடறதுன்னா போயிட்டு வாங்க, சீட்டு நான் பாத்துக்கறேன். வேண்டாமா? சரி.

ஆபீஸ் தெறப்பு விழாவுக்கு நாங்க ரெண்டு மாமனும் சீர் கொண்டு போறதுன்னு பேச்சு. கல்யாணமா காட்சியான்னு கேக்காதீங்க, எங்க அக்காவுக்கு எதுக்கும் மாமன் சீர் வந்தாகோணும். கம்ப்யூட்டர் என்னுது, மேசை நாற்காலி ஜெகதீசுதுன்னு போன்லயே பிரிச்சுக்கிட்டோம். அவன் பெங்களூர்ல ஏதோ டிசைன் கம்பெனியில இருக்கான், நல்ல சம்பளம். அவனுக்கு மேசை நாற்காலியே போதும்னு நெனச்சேன்.

நான் ஒரு மிஷின் மாட்டுனேன் பாருங்க. ரெண்டு பக்கமும் கண்ணாடி, முன்னாடியும் கண்ணாடி. உள்ள ஃபேனு ஒவ்வொண்ணும் ஒரு கலர்ல எரியும். சிவப்பு, பச்சை, நீலம், மாறி மாறி. கடையில வெச்சிருந்தப்ப ரோட்டுல போறவன் நின்னு பாத்துட்டுப் போனான். தேங்காய் பழத் தட்டோட அதைத் தூக்கிட்டு நான் முன்னால போறேன். எனக்குப் பின்னால ஜெகதீசு வர்றான். மேசை நாற்காலி டெம்போவுல வந்து இறங்கிருச்சு. ஆனா அவன் கையில ஒரு பொட்டி. ஒத்தைக் கையில தூக்கிட்டு வர்றான் சார்.

இந்தப் பொட்டிதான். துணி உறையக் கழட்டுனான். ஒரு பகட்டும் இல்லை. லைட்டு இல்லை, கண்ணாடி இல்லை, கலர் இல்லை. வெறும் வெள்ளி நிறம், அதுவும் பளபளன்னு இல்லாம, பொங்கலுக்குத் தேச்சு வெச்ச பாத்திரம் நெழல்ல இருந்தா இருக்குமே, அப்பிடி. அவ்ளோ உசரம், இடுப்புக்கு வருது. பொம்பளைங்க எல்லாம் அதைத் தொட்டுத் தொட்டுப் பாக்கறாங்க. மச்சான் கையில எடுத்துப் பாத்துட்டு, அட, இவ்வளவு பெருசா இருக்குது, வெயிட்டே இல்லையேங்கறாரு. பக்கத்துல என் மிஷினு செவப்பும் பச்சையுமா மினுக்கிட்டு நிக்குது. திருவிழாக் கடையில வளையல் விக்கறவன் மாட்டி வெப்பானே சீரியல் செட்டு, அப்பிடி இருந்துச்சு எனக்கு. வயிறு எரிஞ்சுதுங்க. சொல்றதுக்கு என்ன, பத்தி எரிஞ்சுது.

"என்னடா இது, கம்ப்யூட்டர் நானுன்னுதானே பேச்சு?"ன்னேன், சிரிச்ச மாதிரியே.

"கம்ப்யூட்டர் உங்களுதுதாங்ணா. உள்ள இருக்கறது பூரா நீங்க மாட்டுனதேதான். மேல சட்டை மட்டும் இதைப் போட்டு விடலாம்னு. தாரணி ஒரு தடவ ஆசைப்பட்டுக் கேட்டா, உங்ககிட்டயும் சொன்னாளாமே?"ன்னான்.

சொன்னா. ஒரு போட்டோவக் காமிச்சு, மாமா இந்த மாதிரி அலுமினியத்துல வருது பாருங்கன்னா. அலுமினியத்துல வடைச்சட்டிதான் நல்லா இருக்கும் கண்ணுன்னு சொல்லிச் சிரிச்சேன். அவளும் சிரிச்சா. சிரிச்சுட்டு இன்னொருத்தன்கிட்டப் போயிக் கேப்பான்னு நான் கண்டனா?

அதுக்கப்பறம்தான் சார் அவன் ஒண்ணு சொன்னான். சபையில, எல்லாருக்கும் முன்னாடி. "எனக்கு இதுல என்ன தெரியும்? அண்ணன்தான் தொழில்காரரு. அண்ணன் பாத்து நல்லாருக்குன்னு சொன்னா வெப்போம், இல்லைன்னா நான் திருப்பி எடுத்துட்டுப் போயிர்றேன்"னான். என்ன நக்கலு பாருங்க. மரியாதை குடுக்கற மாதிரி குடுத்து என்னைய மாட்டி விடறான். மச்சான் உடனே, அதான் சரி, மோகனு பாத்துச் சொல்லட்டும்னுட்டாரு. தாரணி என் மூஞ்சியப் பாக்கறா. நானும் விடலை. பொட்டின்னா சும்மா பாத்துச் சொல்ல முடியாது, மாட்டி ஓட்டிப் பாக்கோணும், டைம் வேணும்னேன்.

அவன் பெங்களூர் போயிட்டான். நான் அங்கயே தங்கிப் பாத்தேன். என்ன குறை சொல்லலாம்னுதான் பாத்தேன், உங்ககிட்ட என்ன மறைக்கறது.

என் கையப் பாருங்க. இந்தக் கோடெல்லாம் கேபினெட்டு வெட்டுனது. தகடு உள்பக்கம் பிளேடாட்டம் இருக்கும். ஸ்க்ரூவ மாட்டக் கைய விட்டா கிழிச்சுரும். ரத்தம் பாக்காம ஒரு மிஷினு மாட்டுனதில்லை நான். இதுல ஒவ்வொரு ஓரமாத் தடவுனேன். எங்கயாவது ஒரு இடம் கிழிக்கும், அதைக் காமிச்சு, பாருங்க புள்ளை கைய விட்டா என்னாகும்னு சொல்லலாம்னு ஒரு ஆசை. எல்லா ஓரத்தையும் உருட்டி விட்டிருக்கான். கைய விட்டா குழந்தை கன்னத்தத் தொடற மாதிரி இருக்குது. ஸ்க்ரூ கையாலயே சுத்துது, ஊத்துக்குளி வெண்ணெயில சுத்தற மாதிரி. கதவு மூடுனா டப்புன்னு சத்தம் வரலை, அதுவாப் போயி உக்காந்துக்குது.

சரி, பஞ்சுல மாட்டுவேன்னு நெனச்சேன். திருப்பூருல கம்ப்யூட்டருக்கு எமன் பஞ்சுதானுங்க. கீழ யூனிட்டுல இருந்து பறந்து வந்து ஃபேன்ல மெத்தையாட்டம் படிஞ்சுரும். காத்துப் போகாது, சூடாயி நின்னுரும். இதுல அடியில ஒரு வலை. இழுத்தா டிராயராட்டம் வருது. தட்டிட்டு மறுபடியும் சொருகிக்கலாம். அதைப் பாத்ததும் எனக்கு எவனோ செவுட்டுல அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. இத்தனை வருசம் திருப்பூருக்கு மிஷினு வித்திருக்கேன், எவனோ எங்கயோ உக்காந்து திருப்பூர்ப் பஞ்சுக்கு வலை வெச்சிருக்கான்.

கடைசியில ரெண்டே குறை தேறுச்சு. ஒண்ணு, பெருசு. மேசைக்கடியில போகலை, பக்கத்துல நிறுத்தோணும். ரெண்டாவது, குங்குமம் வெச்சா கறை புடிக்கும். இதைப் போயி குறைன்னு சபையில சொல்ல முடியுங்களா?

என் மிஷினுல இருந்து எல்லாத்தையும் கழட்டி இதுல மாட்டுனேன். உள்ள என்னுது, வெளிய அவனுது. ஸ்விட்சப் போட்டேன். சத்தமே இல்லாம ஓடுது. மனசு வெறுத்துப் போயி அதுமேல கைய ஊனி எந்திரிச்சேன் பாருங்க.

சுருக்குன்னுச்சு.

மறுபடியும் தொட்டேன். சுருக். பின்கையால தடவுனேன். சுர்ருன்னு எறும்பு ஊர்ற மாதிரி. ஷாக்கு சார்! பொட்டி ஷாக் அடிக்குது! எனக்கு வந்த சந்தோசத்த எப்பிடிச் சொல்றது. என் பெரியவன் பாஸான அன்னைக்குக்கூட அவ்ளோ சந்தோசப்படலை. அக்கா, மச்சான், இங்க வாங்கன்னு கூப்புட்டேன். அக்கா ஈரக் கையோட, வெறுங்காலோட வந்து தொட்டுச்சு. ஐயோன்னு அலறிட்டு நாலடி தள்ளி நின்னுச்சு. மச்சான் தொட்டுட்டுக் கைய உதறுனாரு. தாரணி மட்டும் தொட்டுப் பாத்துட்டு, வயரு மாட்டியிருக்கற பிளக்கையே பாத்துட்டு நின்னா.

"இதுக்குத்தான் நான் அலுமினியமே வேண்டாம்கறது. புள்ளை நாள் முச்சூடும் இதுங்கூட உக்காரோணும். நல்லவேளை நான் பாத்தேன்"னேன். என் கண்ணாடிப் பொட்டியில மறுபடியும் எல்லாத்தையும் மாட்டுனேன். அதைத் தொட்டா ஒண்ணுமில்லை, பெயிண்டும் கண்ணாடியும்தானே. அக்கா என் கையப் புடிச்சுக்கிட்டு, நீ இல்லைன்னா என்னாயிருக்கும் சாமின்னு அழுதுச்சு. அந்த அழுகைய நான் இப்ப நெனச்சாலும் மனசு நெறையுது.

ஜெகதீசுக்கு ஸ்பீக்கர்ல போட்டு நானே சொன்னேன். எங்க தொட்டீங்க, எப்பிடி இருந்துச்சுன்னு கேட்டுக்கிட்டான். அப்பறம், "அண்ணா, பொட்டி மேல தப்பிருக்காதுங்ணா. எர்த் இல்லைன்னா, கசியற கரண்டு மண்ணுக்குள்ள எறங்க வழியில்லாம அப்பிடித்தான் சுருக்குங்கும். வாசல்ல ஒரு குழி இருந்துச்சே, அது இருக்குதுங்களா?"ன்னான். எனக்கே எர்த்து சொல்லித் தர்றான் சார். அவன் நாற்காலியில உக்காந்து படம் போடறவன். எத்தனை மிஷினு மாட்டியிருக்கேன் நானு. இத்தனை நாளா அந்த ஊட்டுல யாருக்கு என்ன ஆச்சு? வாஷிங் மிஷினுக்குத்தான் செருப்பு போட்டாச்சே. ஸ்பீக்கர ஆஃப் பண்ணிட்டு, தப்புப் பண்ணிட்டு ஒத்துக்க மாட்டேங்கறான் பாருங்க மச்சான்னேன். பொட்டிய டெஸ்ட் பண்றேன்னு ஈரோட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன்.

விஜயமங்கலமா இது? வண்டிய இன்னிக்கு வேகமாத்தான் ஓட்டறான்.

கடையில வெச்சு வேற ஒரு மிஷினு சாமானை மாட்டி ஓட்டுனேன். தொட்டேன். ஒண்ணுமில்லை. கைய நனைச்சுக்கிட்டுத் தொட்டேன். ஒண்ணுமில்லை. செருப்பக் கழட்டிட்டு, தரையில தண்ணிய ஊத்திட்டு நின்னு தொட்டேன். கடைக்கு வந்த ஒருத்தரு என்னங்க பண்றீங்கன்னு பயந்துட்டாரு. ஒரே ஒரு தடவ சுருக்குன்னு இருந்துட்டாப் போதும் முருகான்னு நிஜமாவே வேண்டிக்கிட்டேன். மறுநாளும் பாத்தேன், அதுக்கு மறுநாளும் பாத்தேன். திருப்பூருல அந்தாட்டம் ஆடுன பொட்டி, ஈரோட்டுக்கு வந்ததும் வாயில விரல வெச்சாக் கடிக்கத் தெரியாத புள்ளையாட்டம் நிக்குது. திருட்டுப் பொட்டி.

எங்க ஊட்டுக்காரி பாத்துக்கிட்டே இருந்தா. அவளுக்குக் கம்ப்யூட்டரப் பத்தி ஒண்ணும் தெரியாது. கடைக்குப் பின்னால இருக்கற எர்த் குழியில தெனம் ஒரு குடம் தண்ணி ஊத்தறது அவதான், கடை தெறந்த நாள்ல இருந்து நான் சொல்லி வெச்சது. அன்னிக்கும் ஊத்திட்டு வெறுங்குடத்தோட உள்ள வந்தா. வந்து நின்னு, "ஏனுங்க, அக்கா ஊட்டுல இதை மூடிட்டீங்கல்ல?"ன்னா. போயி வேலையப் பாருன்னேன். எல்லாத்துலயும் மூக்க நுழைக்கறது அவளுக்குப் பழக்கம்.

ஈரோட்டுக் கரண்டு வேற, திருப்பூர்க் கரண்டு வேறன்னு கூட நெனச்சுப் பாத்தேன் சார். சிரிக்காதீங்க.

இதுக்கு நடுவுல தாரணி போன் பண்றா. அவளுக்கு மொத மொத ஒரு எக்ஸ்போர்ட்டர்கிட்ட இருந்து வேலை வந்திருக்குது. அதைச் சரியாக் குடுத்தாத்தான் ஆபீசு நிக்கும், இல்லைன்னா மறுபடியும் கம்பெனிக்கே போயிக் கையக் கட்டி நிக்கோணும். "மாமா, பாதியில ஆஃப் ஆயிருதுங்க மாமா. துணி மடியற எடத்துக்கு வந்ததும் மிஷினு சூடாயி நின்னுருது. மறுபடியும் மொதல்ல இருந்து"ன்னா. கண்ணாடிய ஒரு பக்கம் கழட்டிட்டு டேபிள் ஃபேன வெய்யி கண்ணுன்னேன். வெச்சா. ஃபேன் காத்தோட பஞ்சும் சேந்து உள்ள போயி மறுபடியும் நின்னுச்சு. முன்னாடி பூரா கண்ணாடியா இருந்தாக் காத்து எப்பிடிப் போகும், அது எனக்குத் தெரியாதா? தெரியும். கலர் லைட்டு தெரியோணும்னு அதைத்தான் எடுத்தேன். அவ, "அந்தப் பொட்டி டெஸ்ட் முடிஞ்சுதுங்களா மாமா?"ன்னு கேப்பா. பாத்துட்டிருக்கேன் கண்ணு, அதுல ஏதோ இருக்குது, நான் கண்டுபிடிக்காம விடமாட்டேன்னு சொல்லுவேன். சரிங்க மாமாம்பா. ஒரு தடவகூட கோவமாப் பேசலை. பேசியிருந்தா எனக்குச் சுளுவா இருந்திருக்கும்.

இன்னிக்குக் காலையில கடை தெறக்கறேன், அவகிட்ட இருந்து போன்.

"பெரிய மாமா, அந்தப் பொட்டிய எடுத்துட்டு வந்துருங்க. சரி பண்ணிட்டீங்கல்ல?"ன்னா.

"என்னத்தச் சரி பண்ணுனேன்?"

"அதுல இருந்த கோளாறத்தான். மாமா கண்டுபிடிச்சுச் சரி பண்ணிட்டாருன்னு அம்மாகிட்டயும் அப்பாகிட்டயும் சொல்லிட்டேனுங்க. வந்து நீங்களே உங்க கையால மாட்டிக் குடுங்க. ஆனா வாசல்ல மட்டும் பாத்து வாங்க மாமா, டைல்ஸ் பேத்துப் போட்டிருக்குது."

"டைல்ஸ எதுக்குப் பேத்தீங்க?"

"தண்ணிப் பைப்பு அடைச்சுக்கிச்சுன்னு அப்பாகிட்டச் சொல்லி ஆள் வெச்சுத் தோண்டுனேன்."

"எந்த எடத்துல?"

"காரு நிக்கற எடத்துல."

அந்த டைல்ஸ் ஒவ்வொண்ணும் நான் நின்னு போட வெச்சது சார். அந்த எடத்துல தண்ணிப் பைப்பே கிடையாது.

அப்பறம் அவளே, "அம்மா இப்ப வெறுங்காலோடவே துணி துவைக்குதுங்க மாமா"ன்னா. மெதுவாத்தான் சொன்னா. குத்திக் காட்டலை.

உங்களுக்கே தெரிஞ்சு போச்சா? தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போகுது, நீங்க யாரோ. இருந்தாலும் ஒண்ணு சொல்றேனுங்க. எர்த் இருந்தாத்தான் நான் ஒழுங்கா இருப்பேன்னு ஒரு பொட்டி அடம் புடிச்சா, அது பொட்டியோட குணக்கேடுதானே? என் கண்ணாடிப் பொட்டி ஏதாச்சும் சொல்லுச்சா? அது பாட்டுக்கு எல்லாத்தையும் உள்ளயே வெச்சுக்கிட்டு நின்னுச்சே.

சரி, புள்ளை என் மேல பாசத்துல மறைச்சா, அது வரைக்கும் எனக்குப் பெருமைதான். எம்மடியில உக்காந்து காது குத்திக்கிட்ட புள்ளை, என்னைய விட்டுக் குடுக்காதுன்னு நெனச்சேன். கண்ணுல தண்ணியே வந்துருச்சு. வாய வெச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். "இப்பிடிச் சொல்லோணும்னு உனக்கு எப்பிடிக் கண்ணு தோணுச்சு?"ன்னு கேட்டுத் தொலைச்சேன்.

"சின்ன மாமாதாங்க சொன்னாரு. அண்ணன் பேரு வெளிய வரக்கூடாது கண்ணு, தண்ணிப் பைப்புன்னு சொல்லிரு, கோளாறு என் பொட்டியிலயே இருந்ததா இருக்கட்டும்னாரு"ன்னா.

கேட்டீங்களா சார்? பொட்டி வாங்குனதுலதான் முந்திக்கிட்டான். அவ ஆசைப்பட்டத ஞாபகம் வெச்சிருந்ததுலயும் முந்திக்கிட்டான். என் மானத்தக் காப்பாத்தக்கூட அவன்தானா வரோணும்? சின்னதுல இருந்து ஒரு பம்பரத்தக்கூட நான் அவனுக்கு விட்டுக் குடுத்ததில்லை. அவன் பாருங்க, அவ்ளோ நல்ல பொட்டி, அதைக் கோளாறு புடிச்ச பொட்டின்னு ஊர் சொன்னாச் சொல்லட்டும்னு எனக்காக விட்டுட்டான். அதுக்கு மேல நான் என்ன பண்ணி அவன முந்தறது? நீங்களே சொல்லுங்க, அதுக்கப்பறம் நான் என்னதான் பண்றது?

எறங்கோணும், திருப்பூர் வந்துருச்சு. போனதும் மச்சான் கேப்பாரு, என்ன மோகனு, பொட்டி எப்பிடின்னு. எல்லாரும் நின்னு என் வாயையே பாப்பாங்க. அதுக்கு என்ன சொல்றதுன்னுதான் ஈரோட்டுல இருந்து யோசிச்சுட்டே வர்றேன். நல்ல பொட்டிதானுங்க மச்சான், கொஞ்சம் பெருசு. அவ்வளவுதான் சொல்லப் போறேன். என் கடை ஸ்டிக்கரும் ஒண்ணு ஒட்டியிருக்கேன். முன்னாடி ஒட்டலாம்னு பிரிச்சு எடுத்துட்டு நின்னேன், அதுமேல ஒட்டறதுக்குக் கை வரலை. அடியில ஒட்டியிருக்கேன், கவுத்துப் பாத்தாத்தான் தெரியும்.

அட, அங்க பாருங்க. அந்தத் தூணுகிட்ட, நீலச் சட்டை போட்டுக்கிட்டு. ஜெகதீசு. பெங்களூர்ல இருந்து எப்ப வந்தான்? பஸ்ஸு பஸ்ஸா எட்டிப் பாத்துட்டிருக்கான். தூக்கறதுக்கு வந்திருக்கான் சார், எனக்குச் சிரமமா இருக்கும்னு தூக்கறதுக்கு வந்திருக்கான்.

இந்தப் பக்கம் ஒரு கை புடிங்க, அவன் ஏறி வர்றதுக்குள்ள எறக்கிரலாம். இல்லை, விடுங்க, வேண்டாம், நான் ஒருத்தனே தூக்கிருவேன். வெயிட்டே கிடையாதுங்க இதுல. அதுதான் சார் எனக்கு ஆத்திரம்.